புறம்போக்குக்கு எத்தனை எழுத்துக்கூட்டல்?

நிலத் தகராறு ஒன்றுக்கு முன்தீர்ப்பு தேடும் சட்ட மாணவர், ‘புறம்போக்கு’ என்பதை ஆங்கில எழுத்தில் கணினியில் தட்டுகிறார். தீர்ப்புகள் வந்து கொட்டுகின்றன. வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார். ஆனால் ஒரு நீதிபதி ‘பொரம்போக்’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘பொரொம்போக்’ என்று. ஓர் எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடியவர் கண்ணில் மற்றவை படாமலே போய்விடலாம். தெருவில் வசையாகப் புழங்கும் சொல்லுக்கு நீதிமன்ற ஏட்டில் இத்தனை வேஷம்! இதை மாணவருக்குச் சொல்லித்தர வேண்டியவர் ஆசிரியரா, நூலகரா? பாடம் நடத்துவது ஆசிரியர் வேலை, புத்தகம் கொடுப்பது நூலகர் வேலை என்று பிரித்து வைத்திருப்பதால், இது இருவர் கையிலும் இல்லாமல் நடுவில் விழுந்துவிடுகிறது.

இதைப் பேசச் சென்னையின் ராஜா அண்ணாமலைபுரம் பொருத்தமான இடம். அங்கே, டி.ஜி.எஸ். தினகரன் சாலை என்று பெயர் மாறிய பிறகும் ஊர்வாயில் கிரீன்வேஸ் ரோடாகவே இருக்கும் சாலையில்தான், 1997இல் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பக்கத்து மயிலாப்பூரில் வக்கீல்கள் சனிக்கிழமைதோறும் கூடித் தீர்ப்புகளை அலசிய பழக்கத்திலிருந்துதான் 1891இல் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ பிறந்தது. தீர்ப்பைத் தேடுவதும் அதோடு மல்லுக்கட்டுவதும் ஒரே வேலையாக இருந்த காலம் அது.

சட்டக் கல்வியின் பெரிய பலம், நூலகம் அங்கே பாடத்துக்குள்ளேயே இருப்பது. மற்ற பல துறைகளில் முதலாமாண்டு மாணவர்களை வரிசையாக அழைத்துப்போய் அலமாரிகளைக் காட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். நூலக அறிமுகம் அத்துடன் சரி. சட்டத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள், மாணவர்கள் இரு தரப்பாக நின்று வாதிடும் மாதிரி நீதிமன்றமான மூட் கோர்ட்டைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அதற்கான எழுத்து வாதத்தை, அதாவது மெமோரியலை, எழுத உட்காரும் மாணவருக்கு ஒவ்வொரு வரிக்கும் தீர்ப்பு ஆதாரம் (சைட்டேஷன்) வேண்டும். எதிரணி அதைக் கிழித்துப்போடும் என்ற பயம் இருக்கும்போது தேடல் தானாகக் கூர்மையடைகிறது. எந்த அறிமுக வகுப்பும் இந்தப் பயத்துக்கு ஈடில்லை.

இருந்தும் இந்த முறையில் ஓட்டை இருக்கிறது. தரவுத்தளப் பயிற்சி என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது, கடவுச்சொல் தந்து எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டுவது. தீர்ப்பு கையில் கிடைத்த பிறகு செய்ய வேண்டியதை யாரும் காட்டுவதில்லை. தீர்ப்பின் தலையில் இருக்கும் ஹெட்நோட், நீதிபதி எழுதியதல்ல. தொகுப்பாசிரியர் தயாரித்த சுருக்கம். அதையே தீர்ப்பின் வாசகமாக மேற்கோள் காட்டும் மாணவர்கள் உண்டு. (வக்கீல்களும் உண்டு, அதை இங்கே விட்டுவிடுவோம்.) அந்தத் தீர்ப்பு பின்னால் வேறொரு தீர்ப்பால் செல்லாததாகிவிட்டதா (ஓவர்ரூல்) என்று பார்க்காமலே விட்டுவிடுவதும் நடக்கிறது.

இன்று தீர்ப்பு கிடைப்பது கடினமில்லை. ‘இந்தியன் கானூன்’ 2008 முதல் இலவசம். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தன் தீர்ப்புத் தொகுப்பையே இ-எஸ்சிஆர் தளத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதே ஆண்டில்தான் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த வழக்குகளை நம்பி மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. தேடத் தெரியாததால் அவர்கள் மாட்டிக்கொள்ளவில்லை. தீர்ப்பு உண்மையில் இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்காததால் மாட்டிக்கொண்டார்கள்.

அரசும் கிடைப்பதைப் பற்றியே யோசிக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கிறது. நல்ல காரியம். முதல் கட்டத்தில் சுயநிதிக் கல்லூரி மாணவர் வெளியே நிற்கிறார் என்பது ஒரு குறை. உள்ளே போனவருக்கு எதை நம்புவது என்று சொல்லித்தர ஆள் வேண்டும் என்பது அதைவிடப் பெரிய தேவை.

அந்த ஆள் நூலகராக இருக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகள் கல்லூரி நூலகரையும் உதவிப் பேராசிரியரையும் ஒரே ஊதிய நிலையில்தான் தொடங்குகின்றன. ஆனால் நூலகருக்கு வகுப்பும் இல்லை, மதிப்பெண் போடும் உரிமையும் இல்லை. பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். வகுப்பறையிலிருந்து நூலகத்துக்கு அன்று ஒருவர் வர முடிந்தது. நூலகத்திலிருந்து வகுப்பறைக்கு இன்னும் பாதை போடவில்லை. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்று ரங்கநாதன் வகுத்த விதியை மென்பொருள்கள் அளவுக்கு மீறி நிறைவேற்றிவிட்டன என்றும் எனக்குத் தோன்றுகிறது. தீர்ப்புச் சுருக்கங்களின் தொகுப்பான பழைய டைஜெஸ்டைப் புரட்டும்போது தேடாத தீர்ப்பும் எதிர்ப்படும். வழக்கின் வரலாறு அப்படித்தான் மனதில் ஏறியது.

பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஹெட்நோட்டை மறைத்துவிட்டு ஒரு தீர்ப்பைக் கொடுத்து, சுருக்கத்தை மாணவரையே எழுதச் சொல்லலாம். பிறகு அச்சிட்டதோடு ஒப்பிடலாம். புறம்போக்கை எத்தனை எழுத்துக்கூட்டலில் தேடினார் என்பதையும் விடைத்தாளில் குறிக்கச் சொல்லலாம். அந்தப் பகுதிக்கு மட்டுமாவது மதிப்பெண்ணை நூலகர் போடட்டும்.