முதல் மணியில் யார், நள்ளிரவில் யார்?

ஒரு நடன இரவு தொடங்கி ஓராண்டோ ஐந்தாண்டோ நிறைந்தால் அதற்கென்று ஆண்டு விழா இரவு வைப்பார்கள். கொழும்பிலும் இது உண்டு. டெல்லி, மும்பை, பெங்களூரிலும் உண்டு. அந்த இரவில் நல்ல நேரம் யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் இரண்டு நாடுகளும் பிரிகின்றன.

கொழும்பில் எலக்ட்ரானிக் இசை போடுகிறவர்களின் வட்டம் சிறியது. அதனால் சோல் போடுகிறவரும் டெக்னோ போடுகிறவரும் ஒரே இரவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். முன்னிரவில் சோலும் ஃபங்க்கும், கூட்டம் சேர்ந்ததும் ஹவுஸ், பிறகு டெக்னோ என்று இசை படிப்படியாக ஏறும். டிஜேயே ஏற்பாட்டாளராகவும் இருப்பார். கொழும்பு டிஜே அஸ்வஜித் இன்னும் ஒருபடி மேலே போய் ‘ஜம்புடெக்’ என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தையே நடத்தினார். இத்தனையும் சுமந்தவர்களுக்கே விழா நாளின் நள்ளிரவு போவது நியாயம்தானே!

இந்தியாவில் கூட்டம் பெரிது. ஒவ்வொரு இசைவகைக்கும் தனி இரவு, தனி ரசிகர்கள். டெல்லியில் 2017இல் தொடங்கிய பாக்ஸ்அவுட் எஃப்எம் போன்ற இணைய வானொலியால் உள்ளூர் டிஜேக்களுக்கு வாராவாரம் இடம் தர முடிகிறது. ஆனால் விழா என்று வந்துவிட்டால் பல இடங்களில் வெளிநாட்டுப் பெயர்தான் சுவரொட்டியில் பெரிதாக வருகிறது. ஆண்டு முழுக்க அந்த அரங்கை நிரப்பியவர், கூட்டம் வருமுன் பாதி காலியான தளத்துக்குப் பாட்டுப் போட்டுவிட்டு இறங்குகிறார். எனக்கு இது பொறுக்கவில்லை.

தேதி குறிப்பதிலும் வேறுபாடு உண்டு. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது. ஆண்டுக்குப் பன்னிரண்டு போயா, சில ஆண்டுகளில் பதின்மூன்று. சனிக்கிழமையில் போயா விழுந்தால் விழா தள்ளிப்போகும். இந்தியாவில் மதுவிலக்கு நாட்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தேதி மட்டுமல்ல, இடமும் சிக்கல்தான்: தமிழ்நாட்டில் மதுக்கூட உரிமம் பெரும்பாலும் ஹோட்டல்களுக்கும் மன்றங்களுக்கும்தான். கையில் காசில்லாத இளைஞர்கள் தனியாக ஒரு சிறிய இடம் பிடித்து நடத்த முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இதே மாநிலத்தின் சென்னையில்தான், ஒரு காலத்தில் மவுண்ட் ரோடு சஃபையர் திரையரங்கின் அடித்தளத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ இரவு விடுதியில் பாடகி உஷா உதுப் பாடத் தொடங்கினார். இன்று அந்தத் திரையரங்கே இல்லை.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை என்பது இரண்டு நாட்டுக்கும் பொது: இந்தியாவில் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், இலங்கையில் 2007ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு. ஆகவே கதவு சாத்திய அரங்குதான் இரு நாட்டவருக்கும் புகலிடம்.

கதவு சாத்திய அரங்கில் நடப்பது பதிவாகாவிட்டால் அதோடு போயிற்று. பதிவாகியும் காணாமல் போனது உண்டு. மும்பையின் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் டிபி-303, டிஆர்-808 கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக்கினார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்த பிறகே, அமெரிக்காவின் ஆசிட் ஹவுஸுக்கு முன்பே அதன் ஒலி இங்கே எழுந்திருந்தது என்று உலகம் வியந்தது. கொழும்பின் ஆண்டு விழாக்காரர்களிடமும் டெல்லியின் ஆண்டு விழாக்காரர்களிடமும் கேட்பது இதுதான்: இரவு முழுவதையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். எந்த மணியில் யார் போட்டார் என்பதை, முதல் மணிக்காரரின் பெயரையும் சேர்த்து, எழுதி வையுங்கள்.