உள்ளங்கையில் ஒரு கஸ்தானே

கண்டி நகரத்து நினைவுப்பொருள் கடைகளிலும், கொழும்பு வீதியில் பிலிமத்தலாவையை ஒட்டிய பித்தளைக் கடைகளிலும் சாண் அளவு கஸ்தானே வாள்களைப் பார்க்கலாம். கண்டி அரசின் பிரதானிகள் பதவிக்கு அடையாளமாக இடுப்பில் தரித்த வாள் இது. இலங்கைத் தேசியக் கொடியில் சிங்கம் ஏந்தி நிற்பதும் இதுவே. இந்தச் சிற்றுருக்களால் மரபு வாழ்கிறதா, தேய்கிறதா?

முதலில் நன்மையைச் சொல்ல வேண்டும். அரண்மனைக்கென்று 'பட்டல் ஹதர' என்ற நான்கு பட்டறைகள் இயங்கிய ஊர் கண்டி. 1815இல் அரசு வீழ்ந்ததும் அந்தக் கைவினைஞர்கள் புரவலரை இழந்தார்கள். 1882இல் தோன்றிய கண்டியக் கலைச் சங்கம் அவர்களுக்குக் கைகொடுக்க முயன்றது. 1908இல் ஆனந்த குமாரசுவாமி அவர்களுடைய கலையை நூலாகப் பதிவு செய்தார். இன்று புரவலர் இடத்தில் இருப்பவர் வாடிக்கையாளர்தான். சிறிய வாளுக்குப் பித்தளை கொஞ்சம் போதும். விலையும் கைக்கு எட்டும். மெழுகில் உருப்பிடித்து, மண் பூசி, சுட்டு, மெழுகு வடிந்த கூட்டில் உலோகம் ஊற்றும் வித்தையை இளையவர்கள் அதிக நட்டமின்றிப் பழகலாம்.

குறையைப் பிடியில் காணலாம். அசல் கஸ்தானேயின் பிடி முனையில் வாய் பிளந்த சிங்கமுகம் இருக்கும்; கைக்காப்பின் நுனிகளில் 'சேரபெண்டிய' எனும் கற்பனை விலங்கின் தலைகள் தெரியும். மலிவான சிற்றுருவில் பிடரிமயிர் நாலைந்து கீறலாகிவிடுகிறது, விலங்குத்தலைகள் வெறும் குமிழாகிவிடுகின்றன. முடிந்த பொருளிலிருந்தே அடுத்த அச்சை எடுப்பது இதற்கு ஒரு காரணம். பித்தளை குளிரும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு சுருங்கும். நகலின் நகல் ஒவ்வொரு தலைமுறையிலும் சிறுத்து, கோடும் மழுங்கும். அசலில் அலகு எஃகு, பிடி தனி வேலை. சிற்றுருவிலோ இரண்டும் ஒரே பித்தளை வார்ப்பு. அலகை அளவுக்கேற்ப மெலிதாக்கினால் உலோகம் அச்சில் ஓடாது என்பதால் அது தடித்தே நிற்கிறது. தடிப்பை மன்னிக்கலாம், முகம் அழிவதை மன்னிக்க முடியாது.

இன்னொரு குற்றம் பெரியது. புதுப் பித்தளைக்கு அமிலம் பூசிக் கறுப்பேற்றிப் 'பழையது' என்று விற்பது ஏமாற்று. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களைக் காக்கிறது. அனுமதியின்றி அவற்றை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்ல முடியாது. பொய்ப் பழமையை நம்பி வாங்குபவர் பணத்தையும் இழப்பார், விமான நிலையத்தில் விளக்கமும் சொல்ல நேரலாம்.

நல்ல மாதிரிக்கு இனிப் பஞ்சமில்லை. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது கைப்பற்றிய, லேவ்கே திசாவை என்ற கண்டிப் பிரதானியின் பீரங்கியுடன், ஒரு பொற்கஸ்தானேயும் ஒரு வெள்ளிக் கஸ்தானேயும் 2023இல் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்துள்ளன. அருங்காட்சியகங்கள் இவற்றின் அளவு வரைபடங்களைப் பட்டறைகளுக்குக் கொடுக்க வேண்டும். கைவினைஞர் தம் முத்திரையையும் செய்த ஆண்டையும் அலகில் பொறிக்க வேண்டும். வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சிங்கத்தின் முகம் தெளிவாக இருக்கும் வாளைத் தேடி, அதற்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.