மூன்றாம் சிலிண்டரின் சூடு

1958-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டிலையும் 1961-இல் வந்ததையும் அருகருகே நிறுத்தினால், பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதே முதுகு, அதே உருண்டை விளக்கு. பின்பக்க மூடியைத் தூக்கி டைனமோவின் காலடியைப் பாருங்கள். முதல் காரில் டைனமோ உட்காரும் பீடம் கிராங்க்கேஸோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். இரண்டாவதில் அது தனித் துண்டு, நட்டுப் போட்டு முடுக்கியது. அங்கிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால், இதிலிருந்து எடுத்து அதில் மாட்டக்கூடிய உறுப்புகள் மிகக் கொஞ்சம்தான் என்பது தெரியவரும். மாற்றத்தை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று பிடிவாதம் பிடித்த கார் இது. அதனால்தான் அதன் இன்ஜினை ஆண்டுவாரியாகப் படிப்பதில் இவ்வளவு சுவை.

அடிப்படை வடிவம் 1930-களின் நடுவில், ஷ்டுட்கார்ட்டில் இருந்த போர்ஷே அலுவலகத்தில் பிறந்தது. வரைந்தவர் ஆஸ்திரியப் பொறியாளர் ஃபிரான்ஸ் சேவர் ரைம்ஷ்பீஸ். நாலு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாக, படுக்கைவாட்டில். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, காற்றுதான் குளிர்விக்கும். எடை குறைய வேண்டும் என்பதற்காகக் கிராங்க்கேஸ் மக்னீசியக் கலவையில். கிராங்க்‌ஷாஃப்டை நடுவில் வைத்து, நிலக்கடலை ஓடு மாதிரி அது செங்குத்தாக இரண்டாகப் பிரியும். நாலே போல்ட்டைக் கழற்றினால் முழு இன்ஜினும் கியர்பாக்ஸை விட்டு வெளியே வந்துவிடும்.

1948 தொடக்கத்தில் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையின் பொறுப்பை ஏற்ற ஹைன்ரிஷ் நார்ட்ஹாஃப், முன்பு ஓப்பலில் இருந்தவர். ஓப்பல் அன்று அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் சொத்து. ஆண்டுதோறும் காரின் உடம்பை மாற்றி, போன வருஷக் காரைப் பழசாக்கிக் காட்டும் வித்தையில் கரைகண்ட நிறுவனம் அது. அங்கே பழகிய மனிதர் இங்கே நேர் எதிராகச் செய்தார்: உடம்பைத் தொடாதே, உள்ளே திருத்து. ஆலையின் கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்டில் வேலை தொடங்கும்போது புது மாடல் ஆண்டும் தொடங்கும். அதனால் 1961 மாடல் என்றால் 1960 ஆகஸ்டிலேயே ஓடத் தொடங்கிய வண்டி. உதிரிபாகம் தேடுபவர்கள் இந்தக் கணக்கில் ஏமாறுவது இன்றும் உண்டு.

அளவுகளின் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். தொடக்கத்தில் 985 சி.சி., போரின்போது 1131. 1954 மாடலில் சிலிண்டரின் உள்விட்டம் 77 மி.மீ. ஆகி, 1192 சி.சி., 30 குதிரைத்திறன். 1961 மாடலில் அதே கொள்ளளவில் 34. 1966 மாடலில் முதல்முறையாக ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) மாறியது: 64 மி.மீ. 69 ஆனது, 1285 சி.சி. அடுத்த ஆண்டே 1493. பிறகு 1584. அத்தோடு சரி. அந்த 69 மி.மீ. ஸ்ட்ரோக் கடைசிக் கார் வரை மாறவில்லை. குதிரைத்திறனை மட்டும் வைத்து இந்த இன்ஜினைப் பார்த்தால் ஏமாற்றம்தான். முப்பது ஆண்டு உழைத்து, இரண்டு மடங்கு சக்தியைச் சற்றே தாண்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். என் பார்வையில், அந்த ஆகஸ்டுகளில் வோல்ஃப்ஸ்பர்க் பொறியாளர்கள் உட்கார்ந்து யோசித்த கேள்வி வேறு: சூட்டை எங்கே அனுப்புவது?

காற்று போகும் வழியைப் பாருங்கள். கிராங்க்‌ஷாஃப்டின் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் மேலே ஏறி டைனமோவைச் சுற்றுகிறது. அதே டைனமோ தண்டின் மறுமுனையில் ஃபேன். ஃபேனைச் சுற்றி வளைந்த தகட்டுக் கூடு. ஃபேன் காற்றை உறிஞ்சி அந்தக் கூட்டுக்குள் தள்ள, உள்ளே இருக்கும் தடுப்புகள் அதை இடமும் வலமுமாகப் பிரித்து, சிலிண்டர் விலாக்களின் மேல் இறக்கிக் கீழே வெளியேற்றும். பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஆகாது, இன்ஜினும் குளிராது. டேஷ்போர்டில் எரியும் டைனமோ விளக்கு இரண்டு ஆபத்துக்கும் ஒரே எச்சரிக்கை. இந்தச் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சிக்கனத்துக்கு ஒரு விலையும் இருந்தது. இன்ஜின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரையும் அதே தகட்டுக் கூட்டுக்குள், இடப்பக்கத்தில் செங்குத்தாக நிறுத்திவிட்டார்கள். இடம் மிச்சம், தனி ஃபேன் வேண்டாம். ஆனால் கூலருக்கு நேர் கீழே மூன்றாம் சிலிண்டர். மற்ற மூன்றுக்கும் புதுக் காற்று கிடைக்க, மூன்றாவதற்கு மட்டும் கூலரைத் தடவிச் சூடேறிய காற்று, அதுவும் குறைவாக. விளைவு, நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டியவர்களுக்கு முதலில் போவது பெரும்பாலும் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு. சூட்டில் அது மெல்ல நீளும். வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே விடும் டாப்பெட் இடைவெளி குறையும். இருக்கையில் முழுதாக அமர முடியாத வால்வுக்கு, தன் சூட்டை சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்த வழி அடைபடும், இன்னும் சூடாகும். ஒருநாள் தலை முறிந்து பிஸ்டன் மேல் விழும்.

இதற்கு முதலில் கண்ட மருந்து வேடிக்கையானது. பல ஆண்டுகள் வந்த, சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டர்களில், நாலு முகடு கொண்ட கேமில் மூன்றாம் சிலிண்டருக்கான முகட்டை மட்டும் சில டிகிரி தள்ளி வைத்தார்கள். மற்ற மூன்றுக்கும் குறித்த நேரத்தில் பொறி, மூன்றாவதற்குச் சற்றுத் தாமதமாக. எரிப்பின் கடுமை அங்கே கொஞ்சம் குறையும். டைமிங் லைட் வைத்துப் பார்க்கும் புது மெக்கானிக், டிஸ்டிரிபியூட்டர் தேய்ந்துவிட்டது என்று தூக்கி எறியப் பார்ப்பார். பழையவர் தடுப்பார்.

1961 மாடல் இன்ஜினில் சிலிண்டர்களைத் தள்ளித் தள்ளி வைத்து, நடுவே காற்று நுழைய இடம் கொடுத்தார்கள். 1963 மாடலில் ஹீட்டர் மாறியது. அதற்கு முன் சிலிண்டர்களைத் தடவிய காற்றே பயணிகள் அறைக்குள் போனதால், இன்ஜினில் எங்கே ஆயில் கசிந்தாலும் குளிர்காலம் முழுக்கக் காருக்குள் மணக்கும். இனிமேல் ஃபேனிலிருந்து தனிக் குழாயில் வரும் சுத்தமான காற்று, எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய உறைக்குள் சூடேறிப் போகும்.

எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் 1971 மாடலில் வந்தது. ஆயில் கூலரைக் காற்று வழியிலிருந்து பின்னுக்குத் தள்ளி, அதற்கெனக் கூட்டின் முதுகில் ஒரு சிறிய தகட்டு அறை கட்டினார்கள். ரசிகர்கள் அதை டாக்ஹவுஸ் என்பார்கள். கூலரைத் தடவிவரும் காற்று அங்கிருந்தே தனி வழியில் வெளியேறிவிடும்; மூன்றாம் சிலிண்டர் பக்கம் எட்டிப் பார்க்காது. கூடுதல் காற்று வேண்டுமே என்று ஃபேனையும் கொஞ்சம் அகலமாக்கினார்கள். மொத்தத்தில் செய்தது என்ன? தகட்டை வேறு மாதிரி வளைத்தது, கூலரை நகர்த்தியது. இதைச் செய்ய முப்பத்துச் சொச்சம் ஆண்டு ஆயிற்று என்று சலித்துக்கொள்ளலாம். எனக்கென்னவோ, அந்த வளைவைக் கையால் தடவிப் பார்க்கும்போது சலிப்பு வருவதில்லை.

அதே ஆண்டு வந்த இன்னொரு மாற்றத்தைப் பாராட்ட மனம் வரவில்லை. ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காற்று வாசல் வைத்தார்கள். மூச்சு எளிதாகி 50 குதிரைத்திறன் கிடைத்தது உண்மை. ஆனால் வால்வு இருக்கைக்கும் ஸ்பார்க் பிளக் துளைக்கும் நடுவே விரிசல் விடும் பழக்கம் இந்த ஹெட்டுகளில் அதிகம். என்னைக் கேட்டால், 1967 மாடலின் ஒற்றை வாசல் 1493 சி.சி. இன்ஜின் மேல் 1971-இன் தகட்டுக் கூட்டைக் கவிழ்ப்பேன். அப்படிச் செய்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சூட்டின் தொல்லை கிராங்க்கேஸையும் விடவில்லை. சிலிண்டரையும் ஹெட்டையும் பிடித்திருக்கும் நீண்ட ஸ்டட்கள் மக்னீசியத்தில் நேரடியாக முடுக்கப்பட்டவை. இன்ஜின் சூடேறி விரியும்போது ஸ்டட் இழுக்கும். மிருதுவான மக்னீசியத்தில் மரை உரிந்துவரும். இதைக் குணப்படுத்த ஸ்டட்டைத் தடிமனாக்குவார்கள் என்றுதானே நினைப்போம்? 1970-களில் 10 மி.மீ. ஸ்டட்டை 8 மி.மீ. ஆக மெலிதாக்கினார்கள். மெலிந்த ஸ்டட் ரப்பர் இல்லைதான், ஆனாலும் நீண்டு கொடுக்கும்; விரிவின் வேகத்தைத் தானே வாங்கிக்கொண்டு மரையைக் காப்பாற்றும். மரைக்கு எஃகுச் செருகலும் வந்தது. உலோகக் கலவையும் சூட்டில் தளராதபடி மாறியது. கேஸின் மேல் ஏ.எஸ். 41, ஏ.எஸ். 21 என்று அச்சு இருந்தால் அந்தத் தலைமுறை.

இதெல்லாம் மாறியும் மாறாமல் நின்றது டாப்பெட் வேலை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். புல்லியைக் கையால் திருப்பி, அதன் விளிம்பிலுள்ள வெட்டை, கேஸின் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டுக்கு நேராக நிறுத்த வேண்டும். குறி என்று தனியாக எதுவும் கேஸில் செதுக்கவில்லை. ஒட்டிய கோடே குறி. முதல் சிலிண்டரை 0.15 மி.மீ. ஃபீலர் கேஜால் சரிபார்த்து, அரைச் சுற்றுப் பின்னோக்கித் திருப்பினால் இரண்டாவது. இன்னொரு அரைச் சுற்றில் மூன்றாவது. அங்கே எக்ஸாஸ்ட் இடைவெளி போனமுறை வைத்ததைவிடக் குறைந்திருந்தால், வால்வு நீள்கிறது என்று அர்த்தம். மூன்றைத் தாண்டி நாலாவது நல்லபடியாக இருந்தாலும் அன்றைக்கு மனம் மூன்றிலேயேதான் நிற்கும்.

கடைசி பீட்டில் 2003 ஜூலை 30 அன்று மெக்ஸிகோவின் புவெப்லாவில் இறங்கியது. மொத்தம் 2,15,29,464 கார்கள். அங்கே 1990-களில் கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஹைட்ராலிக் டாப்பெட் வந்து ஃபீலர் கேஜுக்கு வேலை இல்லாமல் போனது. ஆறு நட்டைக் கழற்றி அடித்தகட்டை இறக்கி, கம்பி வலையை மண்ணெண்ணெயில் கழுவிப் போடும் சடங்கை மட்டுமே நம்பியிருந்த இன்ஜினுக்கு, முறையான ஆயில் ஃபில்டர் ஒன்றும் அப்போதுதான் கிடைத்தது. மூன்றாம் சிலிண்டருக்காக அத்தனை மெனக்கெட்டவர்கள், இரண்டரை லிட்டர் ஆயிலை இத்தனை காலம் வெறும் சல்லடையிடம் ஒப்படைத்திருந்தார்கள் என்பதற்கு எனக்கு இன்றுவரை நியாயம் கிடைக்கவில்லை.