இரண்டு டாலரும் மடனும்

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கன்வழி நகை பிறக்கும் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் முடிபு. இவற்றுள் பின்னைய இரண்டும் ஒன்றென மயங்குதற்கு இடமுண்டு. அறிவின்மை பேதைமை, கற்பித்ததைக் கொண்டு, கொண்டதை விடாமை மடன் என்பது பழைய உரைமரபு. இவ்வேறுபாட்டை அமெரிக்க நகை நாடகம் ஒன்றன்கண் தெளிவுறக் காண்கின்றோம்.

1931-இல் வில்லி ஹோவர்டும் யூஜின் ஹோவர்டும் நியூயார்க் மேடையில் நடித்தது, ‘இரண்டு டாலரைக் கட்டிவிடு’ என்னும் அந்நாடகம். 1946-இல் வெளிவந்த ‘சீக்ஃபீல்டு ஃபாலீஸ்’ திரைப்படத்தில் விக்டர் மூரும் எட்வர்டு ஆர்னால்டும் அதனை நடித்தனர். சுரங்க இரயிலில் எச்சில் உமிழ்ந்தவனுக்குத் தண்டம் இரண்டு டாலர். அவன் கட்டிவிட விழைகின்றான். உடன்வந்த வழக்கறிஞரோ இசைகின்றாரல்லர். வழக்கு மேன்மேலும் வளர்கின்றது. சிறையும் பொருளிழப்பும் தொடர்கின்றன.

உமிழ்ந்தவனது பேதைமையே நகைக்குக் காரணம் எனத் தோன்றலாம். அது பொருந்தாது. தனக்கு நலமாவது எது என அறிந்தவன் அவனே. உரிமைக்கு வழக்காடுக எனக் கற்றதை அளவறியாது பற்றி நிற்கும் வழக்கறிஞரிடத்ததே மடன். எனவே, ஈண்டு நகைக்கு நிலைக்களன் கல்லாமை அன்று; கல்வியே. மடன் ஒருவரது, அதனால் வரும் இழவோ மற்றொருவனது. இழவு அழுகைக்குரிய நிலைக்களன் ஆதலின், நம் நகை முழுநகையாய் நில்லாமை இதனாற் பெறப்படும்.