தீப்பெட்டிக்குள் ஒரு ரயிலடி வண்டி

நீராவி எஞ்சின் மாதிரியில் ஒரு ரிவெட் இடம் மாறியிருந்தால் பிரிட்டனின் மாதிரி ரயில் ரசிகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பெட்டியின் சிவப்பு எந்த ஆண்டின் சிவப்பு என்றுகூடச் சொல்வார். அதே ரசிகர் ஆசையாய்க் கட்டிய ரயிலடியில் குனிந்து, பிளாட்பாரத்தில் நிற்கும் சாமான் வண்டியைப் பார்த்தால் மனம் சுருங்கும். சக்கரத்தில் ஆரமே இருக்காது, சட்டைப் பொத்தான் போல மொத்தையாக இருக்கும். கைப்பிடி உலக்கை பருமன். மேலே அடுக்கிய தோல் பெட்டிகளும் கூடைகளும் மட்டும் அழகாக இருக்கும். பெட்டிகளைப் பார்த்துத்தான் அந்த வண்டியை வாங்கியிருப்பார்கள்.

இன்று ரயிலடி வண்டி என்றால் பலருக்கும் நினைவு வருவது லண்டன் கிங்ஸ் கிராஸில் பாதி சுவருக்குள் நுழைந்தபடி நிற்கும் ஹாரி பாட்டர் வண்டி. அது பயணி தானே தள்ளும் வகை. மாதிரி ரயில்காரர்கள் தேடி அலைவது அதற்கு முந்தைய தலைமுறையை, போர்ட்டர்கள் இழுத்த வண்டிகளை. அதிலும் பல சாதிகள் உண்டு. மூட்டையைச் சாய்த்து ஏற்றும் இரட்டைச் சக்கர வண்டி ஒன்று. பின்னால் இரண்டு கால்கள் ஊன்றி நிற்கும் இரட்டைச் சக்கரக் கைவண்டி இன்னொன்று. நான்கு சக்கரமும் பலகைத் தளமும் கொண்டு, முன் அச்சு கைப்பிடியோடு சேர்ந்து திரும்பும் பெரிய வண்டிதான் மூன்றாவது. தேடலில் முக்கால்வாசி அந்த மூன்றாவதுக்காகத்தான். சக்கரம் வார்ப்பிரும்பு. எழும்பூரிலோ மதுரையிலோ பார்சல் வண்டி தடதடத்துப் போவதைக் கேட்டவர்களுக்கு அந்தச் சத்தத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மாதிரியைச் சோதிக்கக் கண் போதாது, வெர்னியர் காலிப்பர் வேண்டும். பிரிட்டனில் பரவலாக உள்ள ஓ.ஓ. அளவில் ஓர் அடி 4 மில்லிமீட்டர் ஆகிறது, விகிதம் 1:76.2. ஆறரை அடி வண்டி 26 மில்லிமீட்டரில் முடிந்துவிடும், தீப்பெட்டிக்குள் தாராளமாக அடங்கும். ஆறங்குலப் பலகை 2 மில்லிமீட்டர். பதினைந்து அங்குலச் சக்கரம் 5 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு துவரம்பருப்பு. சிக்கல் கைப்பிடியில்தான். ஓர் அங்குல இரும்புக் கம்பி இந்த அளவில் 0.33 மில்லிமீட்டர்தான். அந்த மெல்லிசை யார் எட்டுகிறார்கள் என்பதில்தான் நல்ல மாதிரியும் சுமாரான மாதிரியும் பிரிகின்றன.

அளப்பதற்கு முன்பே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. பொட்டலத்தின் மேல் ‘ஓ.ஓ./எச்.ஓ.’ என்று இரண்டையும் சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். இரண்டு வகை எஞ்சினும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. அதனால் இரண்டும் ஒரே அளவு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. உண்மையில் எச்.ஓ. 1:87. அதே ஆறரை அடி வண்டி அங்கே 22.8 மில்லிமீட்டராகச் சுருங்கும். ஜெர்மனியின் பிரைசர் நிறுவனத்தின் எச்.ஓ. மனிதர்களும் வண்டிகளும் வேலைப்பாட்டில் மிக நுணுக்கமானவை. ஆனால் பிரிட்டிஷ் ஓ.ஓ. போர்ட்டர் பக்கத்தில் அந்த வண்டியை நிறுத்தினால், அவர் பிள்ளைகளின் விளையாட்டு வண்டியை இழுப்பது போலிருக்கும். அமெரிக்காவின் டிச்சி டிரெயின் குரூப் தரும் பிளாஸ்டிக் கிட்களும் பெரும்பாலும் எச்.ஓ. அளவுதான். அமெரிக்க ரயிலடியின் உயரமான ஆரச்சக்கர வண்டிக்கும் பிரிட்டிஷ் வண்டிக்கும் உருவத்திலேயே உறவில்லை. அந்நாட்டுப் பார்சல் நிறுவனமான ரெயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சியின் வண்டி ஒரு கன்சாஸ் ரயிலடியில் கம்பீரமாக நிற்கும், இங்கிலாந்தின் டெவனில் அந்நியமாகத் தெரியும்.

கடையில் முதலில் கைக்கு எட்டுவது வண்ணம் பூசித் தயாராக வரும் ரெசின் வார்ப்பு. பாக்மனின் சீன்கிராஃப்ட், ஹார்ன்பியின் ஸ்கேல்டேல் போன்ற வரிசைகள் இந்த வழியில் வந்தவை. பெட்டியைத் திறந்து பிளாட்பாரத்தில் வைத்தால் வேலை முடிந்தது. ரெசினுக்கு ஒரு பிறவிக்குணம் உண்டு: மெல்லிய பாகம் உடைந்துவிடும். ஆகவே இந்த வகை வண்டிகளில் வடிவமைப்பாளர் கைப்பிடியைத் தடிமனாக்குகிறார், அல்லது சாமானோடு ஒட்டவைத்து மறைக்கிறார். ஆரங்களுக்கு இடையிலும் பெரும்பாலும் வெளி விடுவதில்லை. இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் பின் பிளாட்பாரத்துக்கு இது போதும். முன் வரிசையில், பார்வையாளர் மூக்கு படும் தூரத்தில், போதாது.

பிளாஸ்டிக் வார்ப்புகளின் கதை நீளம். மெரிட் என்ற பழைய பெயரில் வந்த நடைமேடைப் பொருள்கள் பின்னர் மாடல்சீன் வரிசையில் தொடர்ந்தன. டெவன் கடற்கரையின் பீர் என்னும் ஊரிலுள்ள பீக்கோ அவற்றை விற்கிறது. விலை மலிவு, வெட்டி ஒட்ட எளிது, இரண்டு கிட்டைச் சேர்த்து ஒன்றாக்கலாம். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போவதுதான் வார்ப்புப் பிளாஸ்டிக்குக்குக் கஷ்டம். 0.6 மில்லிமீட்டர் கைப்பிடி என்றால் நிஜத்தில் 46 மில்லிமீட்டர் பருமன். கம்பி போய்க் குழாய் ஆகிவிடுகிறது. ஆனால் இந்தக் குறையை வீட்டிலேயே தீர்க்கலாம். கைப்பிடியை அறுத்து எறிந்துவிட்டுக் கம்பி பொருத்தினால் வண்டியின் முகமே மாறும். கிடார் கடையில் ‘பன்னிரண்டு’ என்று கேட்டு வாங்கும் ஒற்றை எஃகுத் தந்தியின் விட்டம் 0.30 மில்லிமீட்டர். கைப்பிடிக்கு அது நன்றாகவே பொருந்தும்.

உண்மையான சுகம் ஒயிட் மெட்டல் கிட்டில். ஈயமும் வெள்ளீயமும் கலந்த வார்ப்பு இது. லாங்லி மாடல்ஸ், டார்ட் காஸ்டிங்ஸ், பி அண்ட் டி மார்ஷ் போன்ற சிறு நிறுவனங்கள் பிரிட்டனில் இதை விடாமல் செய்துவருகின்றன. பையைப் பிரித்துக் கொட்டினால் சாம்பல் நிறத் துண்டுகள் விழும். ஓரங்களில் பிசிறு இருக்கும், அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். அவசரமாக ஒட்டினால் நான்கில் ஒரு சக்கரம் கட்டாயம் அந்தரத்தில் நிற்கும். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, அச்சுகள் இரண்டும் சமமாகப் படிகின்றனவா என்று பார்த்தபிறகே பசை தொட வேண்டும். சுமார் 70 டிகிரியில் உருகும் தனி ஈயப்பற்றும், சூட்டைக் குறைத்து வைக்கும் பற்றுக்கோலும் இருந்தால் பசையைவிட உறுதி. சாதாரணப் பற்றுக்கோலை முழுச் சூட்டில் காட்டினால் வண்டி கண்ணெதிரே குளமாகிவிடும். பாரம் இதன் தனிச்சிறப்பு. விரலால் தட்டினாலும் இடத்தைவிட்டு நகராத அந்தக் கனம் ஒரு சாமான் வண்டிக்கு இயல்பாகப் பொருந்துகிறது.

அமிலத்தில் அரித்தெடுக்கும் பித்தளைத் தகடு இன்னும் ஒரு படி மேலே. 0.25 மில்லிமீட்டர் தகடு நிஜத்தில் 19 மில்லிமீட்டருக்குச் சமம், இரும்புப் பட்டைக்கு ஏறக்குறையச் சரியான கனம். ஆரங்கள் தனித்தனியாகத் தெரியும், வெளிச்சம் ஊடுருவும். ஆனால் தகடு தட்டையானது. சக்கர விளிம்பு உருளையாகத் தெரிய இரண்டு மூன்று அடுக்குகளைச் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இதைத் தொடாமலிருப்பது நல்லது.

இப்போது வீட்டு ரெசின் அச்சுப்பொறிகள் 0.05 மில்லிமீட்டர் அடுக்குகளாக அச்சிடுகின்றன. தளப் பலகைகளின் இடைவெளி, போல்ட்டுத் தலைகள் எல்லாம் இதில் அற்புதமாக வருகின்றன. கைப்பிடி மட்டும் தொட்டால் ஒடிகிறது. அச்சிட்ட உடல், பித்தளைச் சக்கரம், எஃகுக் கைப்பிடி என்ற கலப்புத்தான் இன்றைக்குக் கிடைக்கக்கூடிய மிகத் துல்லியமான வண்டி.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதற்கும் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. 1898 செப்டம்பர் 2 அன்று மிட்லண்ட் ரயில்வேயின் வெலிங்பரோ நிலையத்தில் ஒரு சாமான் வண்டி பிளாட்பாரத்தில் தானாக உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. லண்டனிலிருந்து மான்செஸ்டர் நோக்கி வந்த எக்ஸ்பிரஸ் அதன்மேல் மோதித் தடம் புரண்டது. ஓட்டுநரும் ஃபயர்மேனும் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். பலகையும் நான்கு சக்கரமும் சேர்ந்த ஒரு தள்ளுவண்டி, ஓர் எக்ஸ்பிரஸையே கவிழ்த்திருக்கிறது. இதை அறிந்தவர் தன் மாதிரி ரயிலடியில் வண்டியை விளிம்பை ஒட்டி, தண்டவாளத்தைப் பார்த்தபடி நிறுத்தமாட்டார். ஆனால் அட்டைப் பெட்டிப் படங்களில் பாதி அப்படித்தான் நிறுத்திக் காட்டுகின்றன.

காலம் பொருந்துவது அளவு பொருந்துவதைப் போலவே முக்கியம். 1923-ல் பிரிட்டனின் பெரும்பாலான ரயில் கம்பெனிகள் நான்காகச் சேர்க்கப்பட்டன. 1948-ல் அவை தேசியமயமாயின. வண்டியின் பக்கவாட்டில் கம்பெனியின் எழுத்தும் ஊர்ப் பெயரும் எழுதும் வழக்கம் இருந்ததால், தவறான எழுத்து ஒன்றே மொத்தக் காட்சியின் ஆண்டைக் குழப்பிவிடும். மேலே ஏற்றும் பால் கேன்களும் அப்படித்தான். அடி அகன்று மேலே குறுகும் 17 காலன் கூம்புக் கேன் பழைய காலத்தது. நேரான 10 காலன் கேன் பிற்பாடு வந்தது. முதல் உலகப் போருக்கு முந்தைய காட்சியில் நேர் கேன்களை அடுக்கிவைத்த மாதிரிகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன.

இதில் பலர் தடுமாறுவது ‘புரூட்’ வண்டியில். பிரிட்டிஷ் ரயில் யுனிவர்சல் டிராலி எக்விப்மென்ட் என்பதன் முதலெழுத்துகள் சேர்ந்து, முரடன் என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லே பெயராகிவிட்டது. 1964-ல் அறிமுகமான, கம்பிவலைக் கூண்டு வைத்த நீல வண்டி அது. பார்சலும் செய்தித்தாள் கட்டும் அதில்தான் போயின; பலவற்றைக் கோத்துச் சிறு டிராக்டர் இழுத்துச் செல்லும். பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதானப் பாதைகளில் நீராவி 1968 ஆகஸ்டில் முடிந்தது. ஆக நீராவி எஞ்சினும் புரூட்டும் ஒரே பிளாட்பாரத்தில் நிற்க நான்கே ஆண்டுகள்தான் இடமிருக்கின்றன. 1950-களின் ரயிலடி என்று சொல்லி அதில் புரூட்டை நிறுத்துவது பிழை. அந்தக் கூண்டு வலையைக் காட்ட பித்தளைத் தகடுதான் சரி. வார்ப்பில் வந்தால் கம்பிவலை பலகணிச் சட்டமாகிவிடுகிறது.

இயந்திர வண்டி வேண்டுவோருக்கு குளோஸ்டர்ஷயரின் டர்ஸ்லி ஊரில் உருவான லிஸ்டர் ஆட்டோ-டிரக் நல்ல தேர்வு. மூன்று சக்கரம். முன் சக்கரத்தின் மேலேயே எஞ்சின் உட்கார்ந்திருக்கும். திருப்பும்போது எஞ்சினும் சேர்ந்தே திரும்பும். மாதிரியில் அந்த முன்பகுதி தனிப் பாகமாக வந்தால் வாங்கலாம். உடலோடு ஒட்டிய ஒரே வார்ப்பாக இருந்தால், வண்டி என்றென்றும் நேராகவே போய்க்கொண்டிருக்கும்.

பழைய பொம்மைகளைத் தேடுவோர் வேறு கூட்டம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஹார்ன்பி ஓ கேஜ் வரிசையில் சாமான்களோடு ஒரு தகர வண்டியும், பால் கேன்களோடு இன்னொன்றும் ரெயில்வே ஆக்சஸரீஸ் முதலாம், இரண்டாம் எண்களாக விற்கப்பட்டன. 1948-ல் டிங்கி டாய்ஸ் 14ஏ என்ற எண்ணில் பி.ஈ.வி. மின்சார வண்டியை வெளியிட்டது. காலிப்பர் சோதனையில் இவை தேறாது. ஓட்டுநர் நின்றபடி ஓட்டும் அந்த டிங்கி வண்டியின் தோரணை இன்றைய பல ரெசின் மாதிரிகளைவிட உண்மைக்கு நெருக்கம். ஆனால் அளவு பெரிது, ஓ.ஓ. ரயிலடியில் வைக்க முடியாது, கண்ணாடி அலமாரியில்தான் அதற்கு இடம்.

எதை வாங்கினாலும் நிஜ வண்டியின் படம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம், டிட்காட் ரயில்வே சென்டர், செவர்ன் வேலி ரயில்வேயின் நிலையங்கள் ஆகியவை பழைய ரயிலடிச் சூழலைப் பேணுபவை. பாரம்பரிய நிலையங்களில் நிற்கும் வண்டிகளுக்குத் தொண்டர்கள் அடிக்கடி புது வண்ணம் பூசுவதுண்டு. நீள அகலத்துக்கு அவற்றை நம்பலாம். வண்ணத்துக்கும் எழுத்துக்கும் அந்தக் காலப் புகைப்படமே சாட்சி.

எழுத்துக்கு, 1950-ல் தொடங்கிய ஹிஸ்டாரிக்கல் மாடல் ரயில்வே சொசைட்டி வெளியிடும் அழுத்தி ஒட்டும் தாள்கள் கைகொடுக்கும். அவை எஞ்சின்கள், பெட்டிகள், கூட்ஸ் வேகன்களுக்காக அச்சிட்டவை. இரண்டு அங்குல எழுத்து 0.67 மில்லிமீட்டர்தான் என்பதால், தாளில் இருப்பவற்றில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்து இடுக்கியால் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பிறகு தளப் பலகைகளின் இடுக்குகளில் நீர்த்த பழுப்பு வண்ணத்தைப் பாய்ச்சித் துடைத்தால், பல வருடம் மூட்டை உராய்ந்த மரம் தெரிய ஆரம்பிக்கும். கைப்பிடியை மேலே நிமிர்த்தி, வண்டியைப் பார்சல் அலுவலகச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு சக்கரத்தின் அடியில் மட்டும் ஒரு சொட்டு வெள்ளைப் பசை. அடுத்த மாதம் வேறு இடத்துக்கு மாற்றத் தோன்றினால் ஈரத் துணி வைத்தாலே பெயர்ந்து வரும்.