மருந்தைச் சோதிக்கும் படிகள்: கேள்வி யாருடையது?

எங்கள் வளவனூர்ப் பக்கம் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், வீட்டார் பெரும்பாலும் பஸ் பிடித்துப் போவது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குத்தான். "ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா?" என்று டாக்டர் கேட்டால், "நம்மளை வெச்சுப் பரிசோதனை பண்ணப் பாக்குறாங்க" என்ற பேச்சு எழுகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. கட்டம் கட்டமாகச் சோதிக்கும் முறையே அந்தப் பயத்தை மதித்து உருவானதுதான்.

விலங்குகளிடம் முன்சோதனை முடிந்த பின், முதல் கட்டத்தில், எந்த அளவு மருந்தை உடல் தாங்கும் என்று சிலரிடம் பார்க்கிறார்கள். இரண்டாவதில், கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாவதில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் புதிய மருந்தை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுகிறார்கள். விற்பனைக்கு வந்த பின்னும் கண்காணிப்பது நான்காம் கட்டம். படியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் சாட்சி. அங்கே 1999–2000இல், வாய்ப்புற்று நோயாளிகள் 26 பேருக்குச் சோதனை மருந்து செலுத்தப்பட்டது. விலங்குகளிடம் போதிய முன்சோதனை நடக்கவில்லை என்று, ஆய்வில் பங்குகொண்ட விஞ்ஞானி ஒருவர் பணியாற்றிய அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே 2001இல் ஒப்புக்கொண்டது.

முறையாக நடந்தால் என்ன கிடைக்கும் என்பதை ஜிப்மரே காட்டியிருக்கிறது. முற்றிய இரைப்பை, கல்லீரல், கணைய, பித்தநாள, நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களில் பலர் சோற்றைக் கண்டாலே முகம் திருப்புகிறார்கள், உடல் உருகிவிடுகிறது. மனநோய்க்குத் தரும் பழைய, மலிவான மாத்திரையான ஒலான்சபினைத் தினம் 2.5 மில்லிகிராம், 12 வாரம் அவர்களில் ஒரு பிரிவுக்குக் கொடுத்து, பசி கூடுகிறதா என்று பார்த்தார்கள். மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால், நம்பிக்கையே பசியைக் கூட்டிச் சொல்ல வைத்திருக்கும். மருந்து பெற்றவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியது. மற்றவர்களில் 9 சதவீதம் பேருக்கு மட்டுமே. முடிவு 2023இல் வெளியானது.

இதற்கும் எல்லை உண்டு. நடந்தது ஒரே மருத்துவமனையில். சேர்ந்தவர்கள் 124 பேர், கணக்கில் வந்தவர்கள் 112 பேர். எடை கூடியதால் ஆயுள் கூடும் என்று சொல்லிவிடவும் முடியாது.

பெரிய குறை வேறொன்று. காப்புரிமை முடிந்த மாத்திரையைச் சோதிக்கக் கம்பெனிக்கு லாபமில்லை. ஆகவே ஏழை நோயாளியின் கேள்வி பெரும்பாலும் முதல் படியே ஏறுவதில்லை. அளவைக் குறைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். நிவோலுமாப் என்ற விலை உயர்ந்த நோயெதிர்ப்பு மருந்தின் வழக்கமான அளவு இரு வாரத்துக்கு 240 மில்லிகிராம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராமை, குறைந்த செலவுக் கீமோவோடு சேர்த்துத் தந்தது. கீமோ மட்டும் பெற்றவர்களில் 16.3 சதவீதம் பேரும், இதையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 சதவீதம் பேரும் ஓராண்டு உயிரோடிருந்தார்கள். முழு அளவோடு ஒப்பிடாததால் இரண்டும் சமமா என்பதற்கு அந்த ஆய்வில் விடையில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு பொது மருத்துவமனைதான்.

இன்னொரு குறை சம்மதத்தில். புற்றுநோயில் முதல் கட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் வேறு சிகிச்சை கைகொடுக்காதவர்கள். அவர்கள் தேடுவது குணம். ஆய்வு தேடுவது அளவு. படிக்கத் தெரியாதவர் ரேகை வைக்கும்போது சார்பற்ற சாட்சி வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்கிறது விதி. பக்கம் பக்கமான படிவத்தை ஒரு காலைப் பொழுதில் வாசித்துக் காட்டினால் விதி நிறைவேறிவிடும், புரிதல் வராது. படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, மறுமுறை வரும்போது அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.

படிகளைக் குறைப்பது ஆபத்து. மலிவான மருந்தும் குறைந்த அளவும் அந்தப் படிகளில் ஏற அரசு பணம் ஒதுக்க வேண்டும். அப்போதுதான் ஆய்வில் சேரும் எங்கள் ஊர்க்காரர், தன் வீட்டால் வாங்க முடிந்த மருந்துக்காகச் சேர்வார்.