அம்மா பாடாமல் விட்ட சொல்

என் அம்மா ஞாயிறு ஆராதனையில் எல்லாப் பாட்டையும் பாடுவாள். பாமாலைப் புத்தகம் கையில் இருக்கும், ஆனால் திறக்கமாட்டாள்; அத்தனையும் மனப்பாடம். முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, தெருமுனைவரை கேட்கும்படி பாடுவாள். சில கீர்த்தனைகளில் ஒரே ஒரு சொல் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். 'பாவி' என்ற சொல். சபை முழுவதும் உருகிப் பாடும் அந்த இடத்தில் அவள் தொடையில் தாளம் மட்டும் தட்டிக்கொண்டிருப்பாள். அடுத்த சொல்லில் மறுபடி சேர்ந்துகொள்வாள். எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஏன் என்று கேட்டேன். "அத அவிய பாடட்டும். விடியமுன்ன எந்திச்சா ராத்திரி வரைக்கும் வேல. இதுல பாவஞ் செய்ய எனக்கு எங்கட்டி நேரம்?" என்றாள்.

'அவிய' யார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. கோயிலில் வலப்பக்க பெஞ்சுகளில் இருந்த ஆண்கள்தாம் என்று பிறகு விளங்கியது.

"முழு மனதோடு பாடுங்கள்" என்று ஐயர் பீடத்திலிருந்து சொல்வார். பெண்கள் அப்படித்தான் பாடினார்கள். எந்தச் சபைக்குள் நுழைந்தாலும் பாட்டைத் தூக்கி நிறுத்துவது பெண்களின் குரல். ஆனால் எந்தப் பாட்டு, எந்த ராகம், எத்தனை சரணம் என்று முடிவு செய்தவர்களில் பெண் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மனதை முழுதாகக் கேட்கிறவர்கள், அந்த மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை.

திருச்சபைக்கும் பெண்குரலுக்கும் இடையிலான கணக்கு பழையது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரம் பெண்கள் சபையில் பேசாமலிருக்க வேண்டும் என்கிறது. அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரம் பெண்கள் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ளச் சொல்கிறது. பேசவே கூடாதவள் எப்படித் தீர்க்கதரிசனம் சொல்வாள்? நம் சபைகள் இரண்டையும் வைத்துக்கொண்டன: முக்காடும் போடு, பேசாமலும் இரு. கத்தோலிக்கத் திருச்சபையில் போப் பத்தாம் பயஸ் 1903இல் வெளியிட்ட திருஇசை ஆணை இன்னும் வெளிப்படையானது. பாடகர் குழுவின் பணி வழிபாட்டுப் பதவி, அதற்குப் பெண்கள் தகுதியற்றவர்கள், உச்சக்குரல் தேவைப்பட்டால் சிறுவர்களைப் பாடவையுங்கள் என்றது அது. அந்தக் காலத்தில்தான், சிறுவயதிலேயே விதை நீக்கப்பட்டு உச்சக்குரல் காக்கப்பட்ட பாடகர்களில் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கி வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் பாடிக்கொண்டிருந்தார். 1902லும் 1904லும் பதிவான அவர் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை. பெண்ணின் குரல் அவர்களுக்கு வேண்டியிருந்தது, பெண்தான் வேண்டியிருக்கவில்லை.

தமிழுக்கு வருகிறேன். கீர்த்தனை என்றதும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெயரைத்தான் சொல்வோம். குறவஞ்சி வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி செய்தவர். சீயோன் மகளையும் குறத்தியையும் பேசவைத்தவர். நான் அதை விரும்பிப் பாடம் நடத்துகிறேன். 1820களின் இறுதியில் புதிய மிஷனரிகளுடன் அவருக்கு மோதல் வந்தது. ஆராதனையில் தமிழ்ப் பாடல்களுக்கு இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்தார். அதே மூச்சில், சாதி பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும், சேர்ந்து திருவிருந்து பெற வேண்டும் என்பதையும் எதிர்த்தார். இரண்டும் அவருக்கு ஒரே வழக்கு. மாணவிகளிடம் இதைச் சொல்லும்போது வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும். முழு மனதோடு பாடிய ஒருவரின் மனதில் பக்கத்து இருக்கைக்கு இடமில்லாமல் இருந்திருக்கிறது.

அம்மா விட்ட சொல்லுக்குத் திரும்பினால், தன்னைத் தாழ்த்திப் பாடுவது கிறிஸ்தவம் கொண்டுவந்த வழக்கமல்ல. மாணிக்கவாசகர் தன்னை 'நாயேன்' என்கிறார். பாண்டியனின் அமைச்சராக இருந்தவர் என்கிறது மரபு. அமைச்சர் நாயேன் என்னும்போது அவர் இறங்கிவருகிறார், அதில் ஓர் அழகு இருக்கிறது. இறங்குவதற்கு உயரம் இருந்தது. கீர்த்தனையில் வரும் 'நான்' இந்த வழியில் வந்தவர். கல்வியும் பெயரும் உள்ள ஆண், அவற்றைக் கழற்றிவைத்து அழுகிறார். அதே 'நான்' ஒரு பெண்ணின் வாய்க்கு வரும்போது எதைக் கழற்றுவது? வீட்டில் வாரம் முழுக்க அவள் கேட்டதைத்தான் ஞாயிற்றுக்கிழமை ராகத்தோடு திருப்பிச் சொல்கிறாள். பாவி, பாவி மட்டை என்று பெண்களை வைவதற்கு எங்கள் ஊரில் யாரும் யோசித்ததே இல்லை.

வேறு மாதிரி 'நான்' எழுத முடியாதா? முடியும். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்று அறியப்பட்டவர், தலித் விடுதலையை முன்வைத்து நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறையையே அமைத்தார். கடவுளை அவர் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். பெற்றவர் தாயாகவும் இருக்கலாம், தகப்பனாகவும் இருக்கலாம். தமிழின் மரியாதை விகுதி அங்கே ஆண் பெண் பார்ப்பதில்லை. பிதாவே, ராஜாவே என்ற நூறு விளிகளுக்கு நடுவே அந்த ஒரு விளி எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாடுகிறவர்கள் சொல்லை மாற்றிக்கொள்ளலாம், கூட்டலாம், விடலாம் என்பதற்காகவே அவர் நாட்டுப்புற இசையைத் தேர்ந்தார். அம்மா அவரைப் படித்ததில்லை. ஆனால் சாரா நவரோஜி பாட்டு என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். பாடலும் எழுதி, மெட்டும் போட்டு, பாடி, பிரசங்கமும் செய்த பெண். "அந்தம்மா பாட்டுல அந்தம்மாதான் இருக்காவ" என்பாள்.

வேதத்திலேயே ஒரு பெண்ணின் பாட்டு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாள் பாடுவது. அரியணையில் இருப்பவர்கள் இறக்கப்படுவதையும், பசித்தவர்கள் நிறைவதையும், செல்வர்கள் வெறுங்கையாய்ப் போவதையும் கர்ப்பிணியான ஓர் ஏழைப்பெண் பாடுகிறாள். ஆங்கிலிக்க மரபில் வந்த மாலை ஆராதனையில் இது நிலையான பாட்டு. எங்கள் கோயிலில் இதற்கு ஒரு தட்டையான மெட்டு, கடகடவென்று ஓடிவிடும். உருகுவதற்கு 'பாவி'யில்தான் நிறுத்துவார்கள்.

சென்ற ஆண்டு அம்மாவைச் சக்கர நாற்காலியில் கோயிலுக்கு அழைத்துப் போனேன். பல பெயர்களை மறந்துவிட்டாள், என் பெயரையும் சில நாள் தேடுகிறாள். ஆர்மோனியம் தொடங்கியதும் பாடினாள். முதல் சரணம், இரண்டாம் சரணம், ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அந்த இடம் வந்தது. நான் பாடுவதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடுகள் மூடின. விரல் மட்டும் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட்டது.